அடிபடாத ஐந்து தோட்டாக்கள்

ஸ்பிரிங்ஃபீல்ட், வெர்மான்ட்
4 மார்ச் 1984

அன்புள்ள ஆர்லிஸ்,

நான் நலம். முழங்கால் மட்டும் இந்தப் பனி முடிகிறவரை என் பேச்சைக் கேட்பதாக இல்லை. உன் இடுப்பு எப்படி இருக்கிறது? மாடுகள் கன்று போட ஆரம்பித்துவிட்டனவா?

உன் கணவன் அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை வந்தது. அதிலிருந்து எனக்கு மண்டை கொதிக்கிறது. அப்பாவின் ரிவால்வரை எமில் தன் பழைய காலுறைகள் இரண்டில் சுற்றி அனுப்பியிருக்கிறான். துவைத்த காலுறைகளா என்பதில்கூட எனக்குச் சந்தேகம். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: "சிலிண்டர் திரும்ப மாட்டேங்குது. ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றியே, இதையும் பாத்துக் குடு. ஜூலை நாலாம் தேதி கண்காட்சிக்கு வேணும்." அவ்வளவுதான். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

இயந்திர ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு லேத்தையும் சின்ன மில்லிங் மிஷினையும் வைத்துக்கொண்டு பழைய ரிவால்வர்களுக்குப் பாகம் செய்கிறேன் அல்லவா, இந்த நாட்டில் எத்தனை முட்டாள்கள் இருக்கிறார்கள் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. போன வாரம் ஓஹாயோக்காரன் ஒருவன் நூற்றிருபது வருடத் துப்பாக்கியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் புது ஸ்பூன் மாதிரி ஆக்கி அனுப்பியிருந்தான். இன்னொருவன் உடைந்த ஸ்க்ரூவுக்குப் பதிலாகக் கூரை ஆணியை அடித்திருந்தான். எமில் காலுறையோடு நிறுத்திக்கொண்டானே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

இதை நான் கையில் எடுத்து நாற்பத்தேழு வருடம் ஆகிறது. ஊர் சரித்திரச் சங்கத்தார் இதன் கீழே அட்டை வைக்கப்போகிறார்களாமே, அதில் என்ன எழுதுவார்கள்? 1937 அக்டோபரில் பாங்கு வாசலில் துணை ஷெரிஃப் ஆல்வா ட்ரஸ்க் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார், சுடவில்லை, காசாளர் ஹென்ரிக்சனைத் திருடன் சுட்டுக் கொன்றான் என்றா? செத்துப்போன மனிதரை இன்னும் எத்தனை தடவை அவமானப்படுத்துவார்கள்? பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
ஹோபர்ட்

*

ஆன்ட்லர், மான்டானா
17 மார்ச் 1984

அன்புள்ள ஹோபர்ட்,

முழங்காலுக்குச் சூடான துணி கட்டு. என் இடுப்பு போன வருடம் மாதிரியேதான். இதுவரை பதினெட்டு கன்றுகள், இரண்டுக்குக் காது நுனி பனியில் கருகிவிட்டது.

பெட்டி அனுப்பியது எனக்குத் தெரியாது. கேட்டால் வேண்டாமென்பேன் என்று எமிலுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. டிவி பார்த்துக்கொண்டே அதன் சுத்தியலை இழுத்து இழுத்து விளையாடியிருக்கிறான். ஏதோ உள்ளே ஒடிந்தது. பயந்துபோய் உனக்கு அனுப்பிவிட்டான்.

தயவுசெய்து அதைத் திறக்காதே. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கப்போகிற துப்பாக்கிக்குச் சிலிண்டர் திரும்பினால் என்ன, திரும்பாவிட்டால் என்ன? அப்படியே திருப்பி அனுப்பு.

அட்டையைப் பற்றிக் கேட்டாய். தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் காபிக்குப் பிறகு மிசஸ் வோகல் வாசித்துக் காட்டினாள். "துணை ஷெரிஃப் ட்ரஸ்கின் ரிவால்வர். ஐந்து தோட்டாக்களும் சுடப்படாமலே இருந்தன." வாசித்துவிட்டு என் தோளைத் தட்டினாள். "வருத்தப்படாத ஆர்லிஸ், நடந்ததத்தானே போட்டிருக்கோம்." பின்வரிசையிலிருந்து ஒருவன், வெடிக்காத துப்பாக்கி மாதிரி, நாக்கால் ‘டிக், டிக்’ என்றான். யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து அதையே செய்தவன்தான். இன்று பேரன் எடுத்துவிட்டான், நாக்கு மட்டும் வளரவே இல்லை. எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிஸ்கட் தின்றார்கள். நான் கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திறக்காதே. மறுபடியும் சொல்கிறேன்.

ஆர்லிஸ்

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
2 ஏப்ரல் 1984

அன்புள்ள ஆர்லிஸ்,

நான் நலமா என்பது எனக்கே தெரியவில்லை. நீயும் எமிலும் சௌக்கியம்தானே? உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

நான் திறந்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே திறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல விருப்பமில்லை, வந்த பிறகுதான் திறந்தேன். துப்பாக்கியைச் சும்மா வைத்திருப்பவன், தங்கை திறக்காதே என்றால் திறக்காமல் இருக்கலாம், தொழில் தெரிந்தவனால் முடியாது.

கைப்பிடியின் மரத்தைக் கழற்றினேன். அதற்குள் மெழுகுத்தாளில் மடித்து ஓர் உடைந்த இரும்புத் துண்டு இருந்தது. சுத்தியலை இழுக்கும்போது, தோட்டா போடும் சிலிண்டரை ஓர் அறை தள்ளிவிடும் சின்னப் பாகம். எங்கள் தொழிலில் அதைக் ‘கை’ என்போம். அந்தக் கையின் நுனி ஒடிந்திருக்கிறது. ஆனால் துப்பாக்கிக்குள் வேறொரு கை இருக்கிறது, துப்பாக்கியோடேயே வந்த பழையது, தேய்ந்துபோனது. எமில் ஒடித்தது அதன் ஸ்பிரிங்கைத்தான்.

உடைந்த துண்டை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். சர்க்கரைக் கட்டி உடைந்த மாதிரி மின்னுகிறது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கடினமாகும், கண்ணாடி மாதிரி நொறுங்கவும் செய்யும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டி வைக்கோல் நிறம் வரும்போது எடுக்க வேண்டும். அந்த இரண்டாம் சூட்டுக்குத்தான் டெம்பர் என்று பெயர். இதைச் செய்தவன் அந்தச் சூட்டைக் காட்டவே இல்லை. அரம் போட்ட கோடுகளும் அவசரக்காரனின் கோடுகள். இவனெல்லாம் தொழிலாளியா?

இப்போது கேள். அந்தக் காலத்து வழக்கம் உனக்கே தெரியும். ஆறு அறையில் ஐந்தில்தான் தோட்டா போடுவார்கள், சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலி. எங்காவது இடித்துத் தானாக வெடித்துவிடாமல் இருக்க. அப்பாவும் ஐந்துதான் போடுவார். கை ஒடிந்தால் சிலிண்டர் நகராது. எத்தனை தடவை இழுத்துச் சுட்டாலும் சுத்தியல் அந்தக் காலி அறையின் மேல்தான் விழும். ஐந்து தோட்டாவில் ஒன்றில்கூட அடிபட்ட தழும்பு இல்லை, ஆகவே விசையை இழுக்கவே இல்லை என்றுதானே விசாரணையில் சொன்னார்கள்? எப்படி இருக்கும் தழும்பு! அப்பா சுட்டார், ஆர்லிஸ். திரும்பத் திரும்பச் சுட்டார்.

இதைச் செய்தது யார்? லைல் டெக்கர். ஊரில் துப்பாக்கி வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நான் இங்கே ஆலையில் சேர்ந்த புதிதில் ஒரு கை செய்து அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? "நீ அனுப்பியது ஒரு மயிரிழை தடிமன், உட்காரவில்லை. டெக்கர் வேறொன்று செய்து போட்டுவிட்டார். நீ கவலைப்படாமல் வேலையைப் பார்" என்று அவரே எனக்கு எழுதினார். ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன்.

டெக்கர் அவருக்கு நண்பன். நண்பனைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் அப்பா உடைந்ததை எடுத்து ஒளித்துவிட்டுப் பழையதைப் போட்டிருக்கிறார். விசாரணையில் ஷெரிஃப் இழுத்துப் பார்த்து, "நல்லாத்தானே திரும்புது" என்றாராமே, அதனால்தான் திரும்பியது. டெக்கர் அதே அறையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தான். இருபத்தொரு வருடம் அப்பா தானியக் கிடங்கில் பெருக்கினார், அதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

உடனே எழுது.

ஹோபர்ட்

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
26 ஏப்ரல் 1984

அன்புள்ள ஆர்லிஸ்,

மூன்றரை வாரம் ஆயிற்று. உடம்பு சரியில்லையா? எமிலையாவது இரண்டு வரி எழுதச் சொல்.

புதிய கை செய்து முடித்துவிட்டேன். இரண்டு சூடும் முறையாகக் காட்டி, அரைமணி நேரம் அரம் போட்டு அளவு சேர்த்தேன். சிலிண்டர் இப்போது எண்ணெயில் ஓடுவதுபோல் திரும்புகிறது. ஒவ்வொரு தடவை அது திரும்பும்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அந்த வியாழக்கிழமை பாங்கு வாசலில் இது திரும்பியிருந்தால் ஹென்ரிக்சன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

அப்பாவின் பழைய கடிதங்கள் உன்னிடம் இருக்குமே. டெக்கரின் பெயர் எங்கே வந்தாலும் எடுத்து அனுப்பு. ‘ஆன்ட்லர் ஹெரால்ட்’ பத்திரிகைக்கு எழுதப்போகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தப் பெயரை வைக்க வேண்டும் என்று மிசஸ் வோகலும் தெரிந்துகொள்ளட்டும்.

ஹோபர்ட்

*

ஆன்ட்லர்
6 மே 1984

அன்புள்ள ஹோபர்ட்,

இருவரும் சௌக்கியம். ஏப்ரல் முழுக்கக் காற்று. கோழிக்கொட்டகையின் கூரை பக்கத்து வீட்டு வயலுக்குப் போய்விட்டது. தோட்டத்தில் ரூபார்ப் செடி முளைவிட்டிருக்கிறது. முழங்காலை டாக்டரிடம் காட்டினாயா?

டெக்கர் 1951இல் செத்துவிட்டார். அவர் மகள் நோரீன் இருக்கிறாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறாள். என் இடுப்பு விழுந்த நாட்களில் வாரத்துக்கு இரண்டு தடவை கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டுக் கொண்டுவந்து தருவாள். ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்காருகிறவள் அவள் ஒருத்திதான்.

விட்டுவிடு. பத்திரிகைக்கு எழுதாதே. அப்பாவுக்குப் பிடிக்காது.

கடிதங்கள் எதுவும் கண்ணில் படவில்லை.

ஆர்லிஸ்

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
14 மே 1984

ஆர்லிஸ்,

நலம் விசாரிக்கக்கூட மனம் வரவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன், நலம்தானே?

அப்பாவுக்குப் பிடிக்காதாம்! கோழை என்ற பெயரோடு புதைக்கப்பட்டது மட்டும் பிடித்ததா? நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதியிருக்கிறாய்? கோழிக்கொட்டகை, ரூபார்ப்! ஒரு பாத்திரம் உருளைக்கிழங்குக்கு அப்பாவை விற்றுவிட்டாயா? உனக்கு ஏன் கோபமே வரவில்லை? நீதானே அந்த ஊரில் வளர்ந்தாய், உன்னைத்தானே ‘ஐந்து தோட்டா’ மகள் என்று கூப்பிட்டார்கள்?

நீ வேண்டாமென்று எழுதுவதற்குள் நான் அனுப்பிவிட்டேன். போன வியாழக்கிழமை இதழில் முழுசாகப் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் பிரதி அனுப்பியிருக்கிறார். "லைல் டெக்கரின் கைவேலை ஒருவரைக் கொன்றது, அவரது மௌனம் இன்னொருவரைக் கொன்றது" என்ற வரியைத் தலைப்புக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஹோபர்ட்

*

ஆன்ட்லர்
30 மே 1984

மதிப்பிற்குரிய திரு. ட்ரஸ்க் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாம் சந்தித்ததில்லை. நான் லைல் டெக்கரின் மகள்.

உங்கள் கடிதத்தை மளிகைக்கடையில் நின்றுகொண்டு படித்தேன். படித்து முடித்து நிமிர்ந்தபோது எனக்குப் பின்னால் யாரோ நாக்கால் ‘டிக், டிக்’ என்றார்கள். இதுநாள்வரை உங்கள் தங்கைக்குச் செய்ததை இப்போது எனக்குச் செய்கிறார்கள். இந்த ஊருக்கு யாராவது ஒருவர் கிடைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆர்கனில் உட்கார்ந்தேன், பாட்டுக்கு நடுவில் எழுந்து வந்துவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

உங்கள் அப்பாவோடு ஊரில் யாரும் பேசாத காலத்தில் என் அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வீட்டுக்குப் போய் செக்கர்ஸ் காய் நகர்த்தி ஆடினார். அதற்காகவே பாதி வாடிக்கைக்காரர்கள் அவரைவிட்டுப் போனார்கள். டெம்பர் கொடுக்காத ஒரு பாகமும் அவர் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை. அவர் செய்த வேலையை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்த்திருந்தால் நீங்கள் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். பார்க்காமலே எழுதினீர்கள். செத்தவரால் பதில் சொல்ல முடியாது என்பது உங்களுக்கு வசதியாகப் போயிற்று.

ஒன்று கேட்கிறேன். விசாரணை நடந்த அன்று உங்கள் தங்கைக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பதினொன்று. அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அந்த மனுஷன் தன் வாயத் தானே தச்சுக்கிட்டான், என் வாயையும் தச்சுட்டான்" என்றார். என்னவென்று அம்மா கேட்டதற்குச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

இப்படிக்கு,
நோரீன் டெக்கர்

*

ஆன்ட்லர்
5 ஜூன் 1984

ஹோபர்ட்,

நான் நலமில்லை. நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை.

எனக்கு ஏன் கோபம் வரவில்லை என்று கேட்டாயே. நாற்பத்தேழு வருடமாக எனக்குக் கோபத்தைத் தவிர வேறெதுவும் வரவில்லை. அது யார்மேல் என்று நீ கேட்டதே இல்லை.

அந்த வியாழக்கிழமை மாலை. அப்பா சமையலறை மேஜையில் துப்பாக்கியைப் பிரித்து வைத்திருந்தார். டெக்கர் பக்கத்தில் நின்றார். நான் மாவு மூட்டை வைக்கும் அறைக்குள் இருந்தேன். அவர்கள் பேசியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"இது உன் பையன் அனுப்புனதுதான ஆல்வா? போன மாசம் பட்டறைல கொண்டாந்து எல்லார்கிட்டயும் காட்டுனியே."

"ஆமா."

"டெம்பர் குடுக்கல."

"பத்தொன்பது வயசு, லைல்."

"நாளன்னைக்கி விசாரணைல சொல்லிடு. உன் கழுத்துல நீயே கயித்த மாட்டிக்காத."

"சொன்னா அவன் இனிமே லேத்துல கை வைப்பானா? ஒரு ஆள் செத்துருக்கான். அத அவன் தலைல வைக்க மாட்டேன்."

"அப்ப உன் தலைல?"

"நான் தாங்கிக்குவேன். நீயும் பேசக் கூடாது, லைல். சத்தியம் பண்ணு."

டெக்கர் தொப்பியை மேஜைமேல் அடித்தார். "நீ ஒரு கழுதடா ஆல்வா" என்றார். அழுதார். பிறகு சத்தியம் செய்தார். அப்பா பழைய கையை எடுத்துப் போட்டு, சிலிண்டரைத் திருப்பிப் பார்த்து, என்னைப் பார்த்துவிட்டார். "ஆர்லிஸ், நீ எதையும் கேக்கல." "கேக்கலப்பா" என்றேன்.

உனக்கு வந்த அந்தக் கடிதம் விசாரணைக்கு மறுநாள் எழுதியது. மயிரிழை தடிமன் என்பதெல்லாம் உன் மனம் நோகாமலிருக்க அவர் கட்டிய கதை. நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். நீ செய்த கை கச்சிதமாக உட்கார்ந்தது, ஹோபர்ட். ஒரு மாதம் நன்றாகத் திரும்பியது. அவருக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

கொலைகாரன் என்று நீ பத்திரிகையில் அறிவித்த அந்த மனிதர் உனக்காகப் பதினாலு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்து, அப்படியே செத்தார். நான் உனக்காகப் பள்ளிக்கூடத்தில் ‘டிக், டிக்’ கேட்டேன். கல்யாணத்தன்று தேவாலய வாசலில் கேட்டேன். போன மார்ச்சில் கேட்டேன்.

இவ்வளவையும் உனக்காகத் தாங்கிய அப்பாவை அடக்கம் செய்ய நீ வரவில்லை. 1958 நவம்பர். ஆலையில் வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய். பூ அனுப்பினாய். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஊர் சொன்னதை நீயும் நம்பினாய். கோழையின் மகன் என்று வந்து நிற்க உனக்கு வெட்கம். இப்போது ஒரு இரும்புத் துண்டு கிடைத்ததும் அப்பாமேல் பாசம் பொங்குகிறதா?

சத்தியத்தை உடைத்துவிட்டேன். நோரீனின் முகத்தைப் பார்த்த பிறகு அதைக் காப்பாற்ற எனக்கு இஷ்டமில்லை. இனி நீ என்ன செய்வாயோ செய்.

ஆர்லிஸ்

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
15 ஜூலை 1984

அன்புள்ள ஆர்லிஸ்,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? இதைக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. ஐந்து வாரம் லேத்தை ஓட்டவில்லை. வந்த பெட்டிகளைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன்.

நீ எழுதியதைச் சந்தேகப்படவில்லை. ‘டெம்பர் குடுக்கல’ என்ற வரியிலேயே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கையை நான் செய்து முடித்த அன்று சனிக்கிழமை. தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடுவார்கள். உலைக்கூடத்தில் எண்ணெயிலிருந்து எடுத்தபோது நாலேகால். இரண்டாம் சூட்டுக்கு நின்றால் திங்கட்கிழமை ஆகிவிடும். இத்தனூண்டு பாகத்துக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். துடைத்து, உறையில் போட்டு ஓடினேன். ஏப்ரலில் அதே துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, செய்தவனைத் திட்டித் தீர்த்தேன். திட்டியதில் ஒரு சொல்லையும் திருப்பி வாங்கப்போவதில்லை.

ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு யார் அந்த உரிமையைக் கொடுத்தது? நான் செய்த தப்பு என்னுடையது. அதை என் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்ள அவர் யார்? சொல்லியிருந்தால் ரயிலேறி வந்து அந்த விசாரணை அறையில் நின்றிருப்பேன். ஒருவேளை லேத்தைத் தொட்டிருக்க மாட்டேன். விறகு வெட்டிப் பிழைத்திருப்பேன். அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பேன். அவர் என்னைக் காப்பாற்றினார் என்கிறாய். அவரை வெறுக்கும்படி இருபத்தொரு வருடம் என்னை விட்டுவைத்தார் என்று நான் சொல்கிறேன்.

ஆம், வெறுத்தேன். நீ எழுதியது சரி. வேலை ஒன்றும் அதிகமில்லை. அடக்கத்தன்று இங்கே ஆலைக்கு விடுமுறை. வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நோரீனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஹெரால்டுக்கும் எழுதியிருக்கிறேன். அதன் பிரதி இத்துடன்.

ஹோபர்ட்

*

ஆசிரியர், ‘ஆன்ட்லர் ஹெரால்ட்’ அவர்களுக்கு,

ஐயா,

மே மாதம் உங்கள் பத்திரிகையில் நான் எழுதியது பொய். தெரியாமல் எழுதிய பொய் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. விசாரிக்காமல் எழுதினேன்.

1937 அக்டோபர் 14 அன்று என் அப்பா ஆல்வா ட்ரஸ்கின் ரிவால்வரில் உடைந்த பாகத்தைச் செய்தவன் நான். தபாலுக்கு நேரமாகிறது என்று டெம்பர் கொடுக்காமல் அனுப்பினேன். என் அப்பா விசையை இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். லைல் டெக்கர் அதில் கை வைக்கவில்லை. இருவருக்கும் உண்மை தெரியும். எனக்காக இருவரும் பேசவில்லை. ஹென்ரிக்சன் குடும்பத்தாருக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை நாற்பத்தேழு வருடமாக இருந்தது. அவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதைச் சுருக்காமல் போடவும். தலைப்பில் என் பெயரைப் போடவும். சென்ற தடவை டெக்கரின் பெயரைப் போட்ட அதே பெரிய எழுத்தில்.

ஹோபர்ட் ட்ரஸ்க்

*

ஆன்ட்லர்
12 ஆகஸ்ட் 1984

அன்புள்ள ஹோபர்ட்,

நானும் எமிலும் நலம். முழங்காலோடு நீ எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று தெரியவேண்டும், காரணம் கீழே எழுதுகிறேன்.

ஆசிரியர் இரும்பு விஷயத்தை வெட்டிவிட்டு மீதியைப் போடுகிறேன் என்றார். அச்சுக்கூடத்தில் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். முழுசாகப் போட்டார்.

நோரீன் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டாள். ஆர்கனுக்குத் திரும்பிவிட்டாள். என்னோடு பேசுவதில்லை. அவள் அப்பா என்ன செய்தார் என்று தெரிந்திருந்தும் அவள் கொண்டுவந்ததைத் தின்றுகொண்டு சும்மா இருந்தவள்தானே நான். அவள் செய்வது சரிதான்.

ஊரைப் பற்றிக் கேள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எல்லோரும் உன்மேல் பரிதாபப்படுகிறார்கள்! மிசஸ் வோகல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், சின்னப் பையன், என்ன தெரியும் அவனுக்கு? அப்பாவுக்கு உதவணும்னுதானே செஞ்சான்" என்று மூக்கைச் சிந்துகிறாள். நாக்கால் ‘டிக்’ என்றவன் கடைவீதியில் தொப்பியைக் கழற்றி, "உங்கண்ணன் பெரிய மனுஷன், ஆர்லிஸ். எவ்வளவு தைரியமா எழுதிட்டாரு!" என்கிறான். தைரியமாம்! சரித்திரச் சங்கத்தார் உன் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறார்களாம். ஒரே வாரம், ஹோபர்ட். ஒரே வாரத்தில் உன்னை மன்னித்துவிட்டார்கள். அப்பா இருபத்தொரு வருடம் இதே தெருவில் நடந்தார். ஒருவன் தொப்பியைக் கழற்றவில்லை. அந்தப் பரிதாபத்தை எல்லாம் எங்கே பூட்டி வைத்திருந்தார்கள்?

ஜூலைக் கண்காட்சிக்குப் போகாமல் உன்னிடமே இருக்கும் ரிவால்வரை இனியும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கேட்டதற்கு, என் வீட்டுப் பொருள் உங்கள் காபிக்குத் தொட்டுக்கொள்ள இல்லை என்றேன். எமில் சிரித்தான்.

ஊர் மன்னித்ததை வைத்துக்கொண்டு நீ நிம்மதியாக இருந்துவிடாதே. நான் மன்னிக்கவில்லை. அப்பா உன்னை மன்னித்தார் என்பதும் எனக்கு ஆறுதலாக இல்லை. நீ அவர்மேல் கோபம் என்கிறாயே, அதை எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? அவரிடம் வந்து சொல். கல்லறை ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. கார் கீழேயே நின்றுவிடும், கொஞ்சம் ஏற வேண்டும். மெதுவாக ஏறலாம், நானும் மெதுவாகத்தான் ஏறுவேன். அங்கே நின்று நீ திட்டு, நானும் திட்டுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து திட்டினால் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் முதல் வாரம் அறுப்பு முடிந்துவிடும். எந்த ரயில் என்று மட்டும் எழுது, எமில் நிலையத்துக்கு வருவான். வேலை இருக்கிறது என்று எழுதிவிடாதே.

ஆர்லிஸ்